பெயிண்ட், பாடி, எஞ்சின்

1938 பிப்ரவரி 20. திருவிதாங்கூர் அரசின் பஸ் சேவையைத் திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். இந்த வேலைக்காகவே லண்டன் போக்குவரத்து நிர்வாகத்திலிருந்து இ.ஜி. சால்ட்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி வரவழைக்கப்பட்டிருந்தார். கப்பலில் வந்து இறங்கியவை கோமர் கம்பெனியின் சேஸிஸ்கள். அதாவது எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டும் கொண்ட எலும்புக்கூடுகள். அவற்றின் மேல் பாடி கட்டியவர்கள் உள்ளூர்ப் பணியாளர்கள், சால்ட்டரின் மேற்பார்வையில். எஞ்சின் சீமையுடையது, கூடு நம்முடையது, பெயிண்ட் நம் இஷ்டம். அந்த இலாகாதான் 1965-ல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாக, அதாவது கே.எஸ்.ஆர்.டி.சி.யாக மாறியது. பாப்பனங்கோட்டில் உள்ள அதன் மத்தியப் பணிமனையிலும் வெகுகாலம் நடந்தது இதே வேலைதான்: வாங்கி வந்த சேஸிஸின் மேல் பாடி கட்டுவது.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, கேரளத்துப் பையன்கள் இதே காரியத்தைச் செல்போனில் செய்ய ஆரம்பித்தார்கள். 2017-ல் இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற விளையாட்டை வெளியிட்டது. சுட வேண்டாம், குத்த வேண்டாம், யாரையும் காப்பாற்ற வேண்டாம். இந்தோனேசியச் சாலைகளில் பஸ் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஹாரன் அடிக்கலாம். 'ஓம் தெலோலெத் ஓம்' என்று, சாலையோரம் நிற்கும் இந்தோனேசியக் குழந்தைகள் டிரைவரிடம் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கேட்பார்களே, 2016-ல் உலகம் முழுக்கப் பரவிய கோஷம், அந்த ஹாரனும் உண்டு. ஆனால் கேரளத்தை இழுத்தது ஹாரன் அல்ல. அந்த விளையாட்டில் இரண்டு கதவுகள் வேண்டுமென்றே திறந்து விடப்பட்டிருந்தன. பஸ்ஸுக்கு நீங்கள் வரைந்த பெயிண்டைப் பூசலாம். நீங்கள் கட்டிய பஸ்ஸையே உள்ளே கொண்டுவந்தும் ஓட்டலாம்.

அந்தக் கதவுகள் வழியே கேரளம் உள்ளே புகுந்தது. கே.எஸ்.ஆர்.டி.சி.யின் சிவப்பும் மஞ்சளும் புகுந்தன. 'கொம்பன்' போன்ற பெயர்களில் ஓடிய சுற்றுலா பஸ்களின் வண்ணங்கள், சித்திரங்கள், விளக்கு வரிசைகள் எல்லாம் புகுந்தன. 2020-ல் ஊரடங்கின்போது தெருவில் பஸ்ஸே இல்லாத மாதங்களில், யாரோ ஒரு பையனின் படுக்கையறையில் ஜாவாவின் வயல்களுக்கு நடுவே மலையாள போர்டு மாட்டிய சூப்பர் ஃபாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு ஆங்கிலத்தில் 'மாடிங்' என்று பெயர். பிறர் செய்த விளையாட்டைத் திறந்து, நமக்கு வேண்டியபடி மாற்றுவது. மாற்றித் தரப்படும் துண்டுக்கு 'மாட்'. (தமிழில் எழுதும்போது கால்நடை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க 'மோட்' என்று எழுதுவார்கள். நானும் அப்படியே.) தமிழ் படித்தவர்களுக்கு இதற்கு ஒரு பழைய சொல் தெரியும்: இடைச்செருகல். கம்பனில் யார் யாரோ செருகியது இருக்கிறது என்று ரசிகமணி டி.கே.சி. நம்பினார். தமக்குக் கம்பன் அல்ல என்று பட்ட பாடல்களைத் தள்ளினார், சில சொற்களைத் திருத்தினார், தம் பதிப்பைத் தாமே வெளியிட்டார். இன்றைய பையன்கள் பார்த்திருந்தால் அவரை மோட் செய்கிறவர் என்றே சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு இதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "இதையெல்லாம் போட்டால் கம்ப்யூட்டர் கெட்டுப் போகாதா?" நியாயமான கேள்வி. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதிலேதான் அக்காவின் புராஜெக்ட், அப்பாவின் ஆபீஸ் வேலை, பாங்க் கணக்கு, குடும்பப் போட்டோ எல்லாம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. பையன் கைவைப்பது எதில்? பெயிண்டிலா, பாடியிலா, எஞ்சினிலா?

இந்தப் பாகுபாடு சும்மா உவமைக்காகச் சொல்லப்படுவது அல்ல. 2022 அக்டோபர் 5-ம் தேதி இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு அழைத்துப் போன சுற்றுலா பஸ் ஒன்று கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் மாணவர்கள். மோதும்போது வண்டி மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அந்தோணி ராஜு சொன்னார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் யாரோ கைவைத்திருந்ததாகவும் விசாரணையில் வந்தது. அதன்பின் சுற்றுலா பஸ்களுக்கு வெள்ளை நிறம் என்ற விதி கண்டிப்பாக அமலாயிற்று. கண்ணைப் பறிக்கும் சித்திரங்களும் விளக்குகளும் எதிரே வருகிறவர்களின் கவனத்தைக் கலைக்கின்றன என்பது அதிகாரிகளின் வாதம். விளக்கைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் என் அபிப்பிராயத்தில், அன்று இரவு ஆளைக் கொன்றது சித்திரம் அல்ல. கைவைக்கக் கூடாத ஓரிடத்தில் யாரோ கைவைத்ததுதான். தெருவில் வெள்ளையாகிவிட்ட பஸ்கள் செல்போன் விளையாட்டில் இன்னும் பழைய வண்ணத்தோடு ஓடுகின்றன.

கரமனையில் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். "ஸ்கின் மட்டும் மாத்தினா போதுமா மாமா, இல்ல பாடியும் மாத்தணுமா?" என்று அவன் கேட்டபோது எனக்கு இந்தக் கணக்கு முழுதாகப் புரிந்தது. அவனுக்கு அது தெரிந்தே இருந்தது. தெரியாமல் கவலைப்பட்டவர்கள் அவனுடைய பெற்றோர்.

முதலில் பெயிண்ட். அந்த இந்தோனேசிய விளையாட்டில் பஸ்ஸின் வண்ணம் என்பது ஒரு படம், அவ்வளவே. பிஎன்ஜி வகைப் படம். பஸ்ஸின் தோலை உரித்துத் தரையில் விரித்தாற்போல ஒரு மாதிரிப் படம் கிடைக்கும். அதன்மேல் வரைந்து, விளையாட்டிலிருக்கும் காரேஜில் வைத்துப் பூச வேண்டும். தவறாக வரைந்தால் ஜன்னல் கண்ணாடியில் கொம்பு முளைக்கும். வேறு எதுவும் ஆகாது. படம் என்பது ஓடும் புரோகிராம் அல்ல. பார்க்கப்படும் பொருள். படமாகவே வந்து படமாகவே நிற்கும் வரை, அதனால் உங்கள் கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ கேடு வருவது மிக அபூர்வம்.

மொழியும் இந்த வகைதான். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் கம்ப்யூட்டர் பதிப்பில் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. மெனுக்களை மொழிபெயர்த்தவர்கள் தன்னார்வலர்கள். விளையாட்டின் சொற்கள் எல்லாம் ஒரு தனி ஃபைலில் வரிவரியாக இருக்கும். இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ். மோட் செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிற எவரும் இங்கே தொடங்கலாம் என்பேன். மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இதில் ஒரு நல்ல சிக்கலும் இருக்கிறது. விளையாடுகிறவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் புரோகிராம் ஒரு குறியை வைத்திருக்கும். ஆங்கிலத்தில் பெயரைத் தூக்கி அங்கே வைத்தால் வாக்கியம் முடிந்தது. தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். பொன்னன் என்றால் 'பொன்னனை', ராணி என்றால் 'ராணியை'. புரோகிராமுக்கு நன்னூல் தெரியாது. அது 'ராணிஐ' என்று ஒட்டிவைக்கும். எனவே பெயர் எழுவாயாகவே நிற்கும்படி வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். புணர்ச்சி விதி ஏன் இருக்கிறது என்று பள்ளியில் புரியாத பிள்ளைகளுக்கு இங்கே புரியும்.

அடுத்தது பாடி. இங்கே வேலை கனமானது. பஸ்ஸின் உருவத்தை 'பிளெண்டர்' போன்ற சாஃப்ட்வேரில் முப்பரிமாணமாகக் கட்ட வேண்டும். பாப்பனங்கோட்டில் தகரத்தை வளைத்தார்கள் என்றால் இங்கே முக்கோணங்களை அடுக்க வேண்டும். எத்தனை முக்கோணம் என்பதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு திருகாணியையும் உருவமாகச் செதுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், போன் திணறும், சூடேறும், விளையாட்டு பாதியில் மூடிக்கொள்ளும். திருகாணியைப் படமாக வரைந்து ஒட்டிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நல்ல பாடி கட்டுகிறவர்கள் எதைச் செதுக்காமல் விடுவது என்று தெரிந்தவர்கள்.

சூடு என்றதும் பயப்பட வேண்டாம். இன்றைய கம்ப்யூட்டர்களும் போன்களும் வெப்பம் ஏறினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மிஞ்சினால் நின்றுவிடும். ஒரு மோட் கம்ப்யூட்டரை எரித்துவிட்டது என்று யாராவது சொன்னால், விசிறியில் எத்தனை வருஷத் தூசி என்று முதலில் கேளுங்கள்.

பாடி மாற்றுவதில் உண்மையான ஆபத்து வேறு. நம் நாட்டில் அதை நன்றாகக் கற்றுக்கொடுத்தது ஒரு கிரிக்கெட் விளையாட்டு. ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2006-ல் 'கிரிக்கெட் 07' வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கம்ப்யூட்டரில் புது கிரிக்கெட் கொண்டுவரவில்லை. ஐபிஎல் பிறந்தது 2008-ல். ஆனாலும் தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில், கல்லூரி ஹாஸ்டல்களில், அந்தப் பழைய விளையாட்டிலேயே சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையோடு இறங்கியது. சட்டை, பேட், மைதானத்து விளம்பரப் பலகை, ஆட்டக்காரர்களின் முகம், அணிப் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் ரசிகர்களே மாற்றினார்கள். ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாக. கம்பெனி கைவிட்ட விளையாட்டைப் பத்து வருஷத்துக்கு மேல் ரசிகர்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். (அசல் சிடி எத்தனை பேரிடம் இருந்தது என்று கேட்கக் கூடாது.)

அதில் பெரும்பாலான மோட்கள் வேலை செய்தது ஒரே விதத்தில்: விளையாட்டின் ஃபைலை, அதே பெயர் கொண்ட இன்னொரு ஃபைலால் அடித்து எழுதுவது. 'ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். 'எஸ்' என்று தட்டியவுடன் அசல் போயிற்று. புதிய சட்டை பிடிக்கவில்லை என்றால் பழைய சட்டை எங்கே? அடுத்த மோட் அதே ஃபைலை மீண்டும் மாற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். விளையாட்டு திறக்காது. சிடி இருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இல்லாதவர்கள் அடுத்த ஹாஸ்டலுக்கு நடப்பார்கள். கெட்டது விளையாட்டு மட்டும்தான், கம்ப்யூட்டர் அல்ல. வீட்டில் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் கத்துவார்கள் என்பது வேறு விஷயம்.

மூலத்தை அடித்து எழுதாதே என்பது சுவடி பதிப்பித்தவர்களுக்குப் பாலபாடம். திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்குக்கு அருகிலேயே, காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழைக்கலை ஆய்வு மையமும் சுவடி நூலகமும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் அங்கே உண்டு. இந்தப் பல்கலைக்கழகம் திருவிதாங்கூர் என்ற பெயரில் இருந்த நாட்களில் இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. டி.கே.சி.யைப் போலவே அவரும் நெல்லைக்காரர். வழி நேர் எதிர். ஒரு பாடம் தவறு என்று பட்டாலும் ஏட்டில் இருப்பதை அழிக்கக் கூடாது. வேறு பாடத்தைத் தனியே குறித்துவைக்க வேண்டும். இன்றைய மோட் மேனேஜர் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றனவே, குறிப்பாக 'மோட் ஆர்கனைசர்', அவை வையாபுரிப் பிள்ளை கட்சி. மோட்களை விளையாட்டின் ஃபோல்டருக்குள் போடாமல் தனித்தனியாக வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும்போது மட்டும் மேலே போர்த்திக் காட்டும். வேண்டாம் என்றால் போர்வையை எடுத்துவிடலாம். அடியில் மூலம் கசங்காமல் கிடக்கும்.

இப்படிப்பட்ட சாஃப்ட்வேர் எல்லா விளையாட்டுக்கும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் விளையாட்டின் ஃபோல்டரை அப்படியே பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். நீங்கள் சேமித்த ஆட்டங்கள் பெரும்பாலும் அந்த ஃபோல்டரில் இருக்காது. விண்டோஸில் டாக்குமெண்ட்ஸிலோ, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கப்பட்ட இன்னொரு ஃபோல்டரிலோ இருக்கும். அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நாற்பது மணி நேர ஆட்டத்தை இழந்தவர்கள் உண்டு. பிரதி எடுப்பது சட்டவிரோதமோ என்ற சந்தேகம் வேண்டாம். 1957-ம் வருடத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவே, புரோகிராமின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தோ சேதமடைந்தோ போனால் உதவுவதற்காக, காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. முறையாக வைத்திருப்பவர் என்ற சொல்லைக் கவனிக்கவும்.

பெயிண்டையும் பாடியையும் எஞ்சினிலிருந்து பிரித்து வைக்கும் பழக்கத்தைப் பரப்பியதில் அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1993 டிசம்பரில் அது வெளியிட்ட 'டூம்' விளையாட்டில் படங்கள், ஓசைகள், வரைபடங்கள் எல்லாம் புரோகிராமிலிருந்து தனியாக 'வாட்' என்ற ஃபைலில் இருந்தன. மாற்ற விரும்புகிறவர்கள் எஞ்சினைத் தொடாமல் மாற்றட்டும் என்ற ஏற்பாடு. அந்த மரபில் வளர்ந்ததுதான் 1999-ல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் மேல் இரண்டு இளைஞர்கள் கட்டிய 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. மறு வருடமே அசல் விளையாட்டின் கம்பெனி அதை விலைக்கு விற்கும் பொருளாக்கிவிட்டது.

இனி எஞ்சின். ஜாக்கிரதை தேவைப்படுவது இங்கேதான். சில மோட்கள் படமோ உருவமோ அல்ல. அவையே புரோகிராம்கள். புதுச் சட்டங்கள், புது ஆயுதங்கள், புது நடத்தை என்று விளையாட்டின் போக்கையே மாற்றுபவை. விண்டோஸில் இஎக்ஸ்இ, டிஎல்எல் என்று முடியும் ஃபைல்கள், மைன்கிராஃப்டில் ஜார் ஃபைல்கள். இவற்றை ஓட்டினால், அந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் செய்யக்கூடிய எதையும் அவையும் செய்யலாம். உங்கள் ஃபைல்களைப் படிக்கலாம், அழிக்கலாம், இன்டர்நெட்டில் அனுப்பலாம். விளையாட்டுக்குள் விமானம் பறக்கவிடும் புரோகிராம் வெளியே என்ன செய்கிறது என்பது திரையில் தெரியாது.

விமானம் என்றது கற்பனையல்ல. 2015 மே மாதம் 'ஜிடிஏ 5' விளையாட்டுக்கு வந்த 'ஆங்ரி பிளேன்ஸ்' என்ற மோட், கோபக்கார விமானங்களை வானத்தில் விட்டது. கூடவே நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஒட்டுக்கேட்கும் வேவு புரோகிராமையும் உள்ளே விட்டது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்கள் கிடைக்கும் பிரபலமான இடங்களிலேயே, நம்பிக்கையான மோட்களுக்குள் 'ஃபிராக்சரைசர்' என்ற வைரஸ் புகுத்தப்பட்டது தெரியவந்தது. அது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடியது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த மற்ற ஜார் ஃபைல்களுக்குள்ளும் தன்னைப் புகுத்திக்கொண்டது. அதே வருடம் கிறிஸ்துமஸ் தினத்தன்று 'ஸ்லே தி ஸ்பயர்' விளையாட்டின் 'டவுன்ஃபால்' என்ற புகழ்பெற்ற மோட், செய்தவர்களின் கணக்கு களவு போனதால், ஸ்டீம் வழியாகவே சற்று நேரம் திருட்டு புரோகிராமை விநியோகித்தது. பெயர் பெற்ற இடத்தில் வாங்கினால் போதும் என்பது பாதி உண்மைதான். வந்த அன்றே எடுக்காமல் ஒரு வாரம் பொறுத்து எடுப்பது மற்றப் பாதி. ஆயிரம் பேர் முன்னே போய்ப் பள்ளம் இருந்தால் சொல்லிவிடுவார்கள்.

செல்போனில் இந்தக் கதை இன்னும் மோசம். 'மோட் ஏபிகே' என்று ஒன்று புழங்குகிறது. எல்லா பஸ்ஸும் இலவசம், காசு வற்றாது என்று ஆசை காட்டும். இது மோட் அல்ல. வேறு யாரோ விளையாட்டை முழுதாகப் பிரித்து, எஞ்சினில் எதையோ மாற்றி, மறுபடி மூட்டி, தன் கையெழுத்தைப் போட்டு அனுப்புவது. ஆண்ட்ராய்டு புரோகிராம் ஒவ்வொன்றிலும் செய்தவரின் மின்கையெழுத்து உண்டு. கையெழுத்து மாறியிருந்தால் அசலின் மேல் அது ஏறாது. 'முதலில் பழையதை நீக்குங்கள்' என்று சொல்லிக்கொடுப்பது அதனால்தான். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே நிறுத்திவிடலாம். பஸ் ஓட்டும் விளையாட்டு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டாலும் நிறுத்த வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸில்தான் உங்கள் பாங்க் அனுப்பும் ஓடிபி வருகிறது. அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் வண்டிக்கு அபராதம் என்று வாட்ஸாப்பில் போலி ஏபிகே அனுப்பிப் பணம் பறித்த கும்பல்களைப் பற்றி மோட்டார் வாகனத் துறையும் போலீஸும் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கின்றன. உத்தி ஒன்றுதான். அங்கே பயம் காட்டி ஏற்றுகிறார்கள், இங்கே ஆசை காட்டி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

எஞ்சின் மோட்களே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மோட் உலகத்தின் சுவாரசியம் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஏற்பாடு தேவை. விண்டோஸில் பையனுக்கென்று தனி கணக்கு, அதிலும் நிர்வாகி அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கு. பாங்க் வேலை, அப்பாவின் மெயில் எதுவும் அந்தக் கணக்கில் நடக்கக் கூடாது. விளையாட்டை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் போடாமல் வெளியே வேறு ஃபோல்டரில் போட வேண்டும். காரணம் இருக்கிறது. அந்த ஃபோல்டரை விண்டோஸ் காவல் காக்கும். உள்ளே எதை மாற்றினாலும் நிர்வாகி அனுமதி கேட்கும். நாலு தடவை கேட்டால் ஐந்தாவது தடவை எதற்கென்று பார்க்காமலே 'எஸ்' தட்டும் பழக்கம் வந்துவிடும். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்லும் மோட் வேண்டவே வேண்டாம். சில நல்ல மோட்களையும் ஆன்டிவைரஸ் தவறாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். அந்த நல்லவை இல்லாமலே விளையாடிவிடலாம். கம்ப்யூட்டரின் பயாஸிலோ டிரைவர்களிலோ எதையும் மாற்றச் சொன்னாலும் அப்படியே. விளையாட்டில் பஸ்ஸுக்குப் பாடி கட்ட பயாஸ் எதற்கு?

ஒரு தடவைக்கு ஒரு மோட். போட்டு, ஓட்டிப் பார்த்து, நோட்டில் தேதியோடு எழுதிவிட்டு அடுத்தது. பத்தை ஒன்றாகப் போட்டுவிட்டு எது கெடுத்தது என்று தேடுவது, கல்யாண விருந்து முடிந்து எந்தப் பதார்த்தம் வயிற்றைக் கெடுத்தது என்று தேடுவது போலத்தான். கம்பெனி தரும் புது வெர்ஷன் தானாக ஏறிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 நவம்பரில் 'ஸ்கைரிம்' விளையாட்டின் பத்தாவது ஆண்டு வெர்ஷன் வந்தபோது, எஞ்சினோடு பிணைந்த மோட்கள் ஒரே ராத்திரியில் நின்றன. பெயிண்ட் மோட்கள் பலவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று: பலர் சேர்ந்து இன்டர்நெட்டில் ஆடும் போட்டி விளையாட்டுகளில் எஞ்சினைத் தொட்டால் அது மோட் அல்ல, கள்ள ஆட்டம். கணக்கை முடக்கிவிடுவார்கள். முடக்கவும் வேண்டும்.

இத்தனை ஜாக்கிரதையோடு இதைக் கற்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஊரே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். புரோகிராமைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் பயன்படுத்துகிறவருக்கு உரிமை வேண்டும் என்பது அவருடைய கட்சி. கேரள அரசு அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனது. அரசின் 'கைட்' அமைப்பு பள்ளிகளுக்குத் தருவது, யாரும் திறந்து மாற்றக்கூடிய குனு லினக்ஸ். 2018 ஜனவரியில் அது தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் அனிமேஷன், புரோகிராமிங், கம்ப்யூட்டர் பாதுகாப்பு எல்லாம் படிக்கிறார்கள். முகாம்களில் பிளெண்டரும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. பள்ளியில் பிளெண்டர் படித்த பிள்ளை வீட்டில் பஸ் கட்டுவதில் ஆச்சரியம் என்ன? மோட் என்ற சொல்லைக் கேட்டதும் கேபிளைப் பிடுங்கும் பெற்றோர், பெரும்பாலும் எந்த மோட் என்று கேட்பதில்லை. கேட்டால் பையன்கள் மணிக்கணக்கில் சொல்வார்கள். அதுவும் ஒரு ஆபத்துதான்.

கடைசியாக, கம்ப்யூட்டரை உண்மையிலேயே கெடுக்கக்கூடிய ஒன்றைப் பற்றி. அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் வந்தால் இந்த ஊரில் மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டு இடி இறங்கும். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிப்பது வழக்கம். விளையாட்டின் ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பிரதி அரைகுறையாக நிற்கும், சமயத்தில் டிஸ்க்கும் போகும். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் பிரதி எடுக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இடி இடிக்க ஆரம்பித்துவிட்டால், பஸ் நடுவழியில் நின்றாலும் பரவாயில்லை, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.